முளைப்பாரிக்கு 8 நாள்

நேயர்களுக்கு வணக்கம். மாரியம்மன் கோயில் பொங்கல் என்றதும் கூழ், பூக்குழி, மஞ்சள் நீராட்டு என்று எல்லாம் ஞாபகத்துக்கு வரும். எல்லாவற்றையும் தொட்டுப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். முதலில் முளைப்பாரியை, அதாவது அம்மனுக்காகப் பானையில் பயறு விதைத்து வளர்க்கிற முளைப்பயிரைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தில் பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டித் திருவிழாவைத் தொடங்கினால் அன்று ராத்திரியே பாரி விதை போட்டுவிடுவார்கள். அடுத்த செவ்வாய் பொங்கல், புதன் சாயங்காலம் பாரியைக் கண்மாயில் கரைப்பு. ஆக 8 நாள். அதற்குள் ஒரு அடி உயரமாவது வர வேண்டும். பச்சையாக இல்லாமல் வெளிர் மஞ்சளாக வர வேண்டும். வழக்கம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலேயே முளைக்குடம் ஏந்திய பெண்கள் வருகிறார்கள்.

சரி, பாரி சில வீட்டில் அழுகிப்போகிறதே, ஏன்? உடனே பழி வளர்த்தவள்மேல்தான். விரதம் சரியில்லை, தீட்டுப் பட்டுவிட்டது என்பார்கள். நான் சொல்கிறேன், அழுகினால் முதலில் பானையின் அடியைப் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா? அந்தக் காலத்தில் அடி உடைந்த மண்பானையைத் தேடி எடுத்ததே தண்ணீர் வடியத்தான். இன்று அலுமினியச் சட்டியிலும் பிளாஸ்டிக் பேசினிலும் போடுகிறோம். தண்ணீர் எங்கே போகும்? அடியில் நாலைந்து ஓட்டை போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு கை வைக்கோல் பரப்புங்கள்.

வைக்கோலுக்கு மேல் கண்மாய்க் கரம்பை மண்ணும், அதாவது கண்மாயில் படிந்த வண்டலும், எருவும். எரு என்றால் நன்றாகக் காய்ந்து உதிர்ந்த பழைய சாணம். பச்சைச் சாணம் போட்டால் மக்கும்போது சூடு கிளம்பி வேர் வெந்துவிடும். மண் நாலு விரல் உயரம் போதும்.

விதைக்கு வருவோம். பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு, அவரவர் ஊர் வழக்கம். காப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒவ்வொன்றிலும் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்றாம் நாள் 90 முளைத்திருந்தால் நம்பலாம். 60, 70 என்றால் அது பழைய சரக்கு. முளைக்காததுதான் பானைக்குள் கிடந்து பூஞ்சணம் பிடித்து, நல்ல முளையையும் கெடுக்கும். முந்தின ராத்திரி ஊறப்போடும்போது மிதக்கிற பொக்கை அள்ளி எறியுங்கள். ஒரு அடி வாய் அகலமுள்ள பானைக்கு ஒரு ஆழாக்கு, அதாவது அரைக்கால் படி, மிஞ்சினால் ஒன்றரை ஆழாக்கு. அடர்த்தியாக வரட்டும் என்று கால்படியைக் கொட்டுவார்கள், ஒன்றின்மேல் ஒன்று கிடந்து மூச்சு முட்டும்.

தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. மறுபடி சொல்கிறேன், ஊற்றக் கூடாது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. விரலால் மண்ணைத் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

பானைகளை வைத்து வளர்க்கிற பாரி வீடு இருட்டாக இருப்பது கண்ணேறு படாமலிருக்க என்பார்கள். இருக்கட்டும். வெளிச்சம் கிடைக்காத முளை வெளிச்சத்தைத் தேடித் தேடி நீண்டுகொண்டே போகும், பச்சையம் ஏறாது. மஞ்சளும் உயரமும் அந்த இருட்டு கொடுத்தவை. கதவு இடுக்கில் ஒரு கீற்று வெயில் விழுந்தாலும் பாரி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். அம்மன் கோபம் என்று பயப்படாமல் இடுக்கில் சாக்கைத் தொங்கவிட்டு, பானையைத் தினமும் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் போதும். ஆனால் இருட்டு வேறு, புழுக்கம் வேறு. 40, 50 பானையை ஒரே அறையில் அடைத்து எல்லாத் திறப்பையும் மூடிவிட்டால் மூன்றாம் நாளே புளித்த வாடை வரும். கூரை ஓரத்தில் காற்று போக வழி விடுங்கள்.

தூக்குகிற அன்று காலையில் தண்ணீர் வேண்டாம். கனம் கூடும், தண்டு ஒடியும். முக்கால் உயரத்தில் வாழைநாரால் தளர்வாக ஒரு சுற்று கட்டுங்கள். வெயில் தாழ்ந்த பிறகே வெளியே எடுங்கள், எட்டு நாள் வெயில் பார்க்காத முளை அரை மணியில் துவண்டுவிடும். கும்மி முடிந்து கண்மாயில் கரைக்கும்போது பயிரும் மண்ணும் தண்ணீரோடு போகட்டும், பிளாஸ்டிக் பேசின் வீட்டுக்கு வரட்டும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கூழுக்கு ஒரே வார்த்தை: முந்தின ராத்திரி கரைத்துப் புளிக்கவிட்ட கேழ்வரகு மாவை, நொய் நன்றாக வெந்த பிறகு ஊற்றுங்கள், முதலிலேயே ஊற்றினால் அடிபிடிக்கும், நொய்யும் வேகாது. பூக்குழிக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.