கன்றுக்கு முன்னால் வாய்க்கால்

நேயர்களுக்கு வணக்கம். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றுவது என்றாலே, சேற்றில் இறங்கி வரிசையாக நின்று கன்று நடுகிற படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நட்டதில் எத்தனை பிழைத்தது என்று அடுத்த வருடம் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் இப்படி நட்டதில் பெரும்பகுதி செத்தே போயிற்று. காடு இருந்த மேட்டுப் பகுதியெல்லாம் மீன் குட்டைகளாகி ஆளாளுக்குச் சொந்தமாகிவிட்டதால், கேட்பாரில்லாத தாழ்ந்த சேற்றுத் திட்டில், கடல் நீர் வடியவே வடியாத இடத்தில், சுரபுன்னை என்கிற அலையாத்தி வகையைக் கொண்டுபோய் நட்டார்கள். அலையாத்தி உப்பைத் தாங்கும், சேற்றைத் தாங்கும், ஆனால் ஓதம், அதாவது கடலேற்ற நீர், ஏறவும் வேண்டும் வடியவும் வேண்டும், எந்நேரமும் மூழ்கிக் கிடந்தால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

நம்ம சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்துக் கதையும் தண்ணீர்க் கதைதான். அங்கே காடு அழிந்ததற்கு ஆடுமாடு மேய்க்கிறவர்களும் விறகு வெட்டுகிறவர்களும்தான் காரணம் என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது. ஆனால் ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை அரசே கூறு கூறாகப் பிரித்து மரங்களை மொட்டையடித்திருக்கிறது. நிழல் போனதும் வெயில் பட்டு மண் காய்ந்து நடுவில் பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த ஓத நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போனது. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் முளைக்காத களராயிற்று, அப்புறம் எத்தனை கன்று நட்டு என்ன?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் தினமும் வந்து போக ஆரம்பித்து உப்பு குறைந்த பிறகு, வாய்க்கால் கரையோரமாக வெண்கண்டல் என்கிற அலையாத்தி வகையை நட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. முத்துப்பேட்டை மீனவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை, காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, தூர் வாரி, அதில் ஏறி வரும் மீனைப் பிடிப்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

இந்தப் பராமரிப்பு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாய்க்கால் தூர்ந்துபோகும், வருடா வருடம் வாரவேண்டும். திட்டத்துக்கு வந்த பணம் இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு யார் வாருவார்கள்? அந்த வாய்க்காலில் மீன் கிடைக்கிறவர்தான். பிச்சாவரத்து இருளர்கள் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் துழாவி இறால் பிடிப்பார்கள், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றுக்கு வேண்டுமே. வேரடியில் இறால் குறைவது எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்னால் அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிடும். அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காப்பேன் என்பது என்ன கணக்கு?

அதற்காக, ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. நண்டுக் கொழுப்பித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு மாற்றிய மெலிந்த நண்டைக் கூண்டில் விட்டு, கழிவு மீன் போட்டு, சில வாரத்தில் சதை பிடித்ததும் விற்பது நல்ல தொழில்தான், முதலும் கொஞ்சம் போதும். ஆனால் அந்த நண்டு காட்டிலிருந்துதானே வரவேண்டும்? சினை நண்டையும் பொடி நண்டையும் திரும்ப விடுவது என்று எல்லாருமாகக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாவிட்டால், கூண்டு கூடக் கூட காடு காலியாகும்.

கார்பன் வரவு, அதாவது மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கிற கார்பனைக் கணக்கிட்டு விற்பது பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். கென்யாவில் காஸி விரிகுடாவில் 117 ஹெக்டேர் அலையாத்தியை வைத்து, மரம் பிடித்து வைக்கிற கார்பனுக்குப் பணம் வாங்குகிறார்கள், மிக்கோக்கோ பமோஜா என்று திட்டத்துக்குப் பெயர். அந்தப் பணத்தில் ஊருக்குக் குடிநீர் வந்தது, பள்ளிக்கூடத்துக்கும் போனது, எதற்குச் செலவழிப்பது என்பதை ஊரார் கூடி முடிவு செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விலையை நிர்ணயிப்பது எங்கோ இருக்கிற சந்தை, அது சரிந்தால் ஊர்க்குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் என்னைக் கேட்டால், மீன்பிடி உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கார்பன் பேச்சை அப்புறம் பேசலாம் என்பேன்.