சின்ன என்ஜின், பெரிய சுமை: டர்போ கெப் யாருக்குப் பொருத்தம்?

(காட்சி: புன்னாலைக்கட்டுவன். செம்மண் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு ஹைலக்ஸ் கெப் வாகனங்கள், பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டின் பொனற்றும் திறந்திருக்கின்றன.)

வணக்கம். இடது பக்கம் நிற்பது என் மாமாவின் பழைய கெப். 3 லீற்றர் டீசல், டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லை. வலது பக்கம் நிற்பது அவருடைய மகன் வாங்கியது. 2.4 லீற்றர் டீசல், டர்போ உண்டு. மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாமா பொனற்றைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போக இந்த என்ஜின் காணுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வீடியோ.

மாமாவின் சந்தேகத்தை நான் லேசாக எடுக்கவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வாகனங்கள் எப்படி ஓடின என்று அவரைப் போன்றவர்களைக் கேளுங்கள். சில துளி பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மொறிஸ், ஒஸ்டின் கார்கள் அப்படித்தான் ஓடின, மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. உதிரிப்பாகம் வராத ஊரில், கையால் கழற்றிக் கையால் பூட்டக்கூடிய என்ஜின்தான் உயிரைக் காப்பாற்றியது. எளிமையான இயந்திரத்தின் மேல் இந்த மண்ணுக்கு இருக்கும் நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

இதே வாக்குவாதம் அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே பெரிய பிக்கப் என்றால் எட்டு சிலிண்டர் என்பதுதான் வழக்கம். 2011ஆம் ஆண்டு மொடலில் ஃபோர்ட் தன் எஃப்-150 வாகனத்துக்கு இரட்டை டர்போ பூட்டிய 3.5 லீற்றர், ஆறு சிலிண்டர் பெற்றோல் என்ஜினைக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டு மொடலில் செவ்ரோலே சில்வராடோவுக்கு 2.7 லீற்றர், நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. 2022இல் டொயோட்டா டன்ட்ராவின் 5.7 லீற்றர் எட்டு சிலிண்டர் போய், 3.4 லீற்றர் இரட்டை டர்போ வந்தது. அந்த என்ஜினுக்காக 2024இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டபோது, "சொன்னோமே, டர்போ தாங்காது" என்று பலர் எழுதினார்கள். ஆனால் அங்கே பழுதானது டர்போ அல்ல. தொழிற்சாலையில் உலோகம் கடைந்தபோது விழுந்த துகள்கள் என்ஜினுக்குள் தங்கிவிட்டன. அவை பிரதான பேரிங்கைக் கெடுத்தன. பழியை எதன் மேல் போடுகிறோம் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

(காட்சி: பழைய கெப்பின் என்ஜின். மெதுவாகப் புதிய என்ஜினுக்கு நகர்கிறது.)

இனி என்ஜினுக்குள் போவோம். என்ஜினின் வலு, அது எவ்வளவு டீசலை ஒழுங்காக எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. டீசலை ஊற்றுவது எளிது, காற்றைக் கொடுப்பதுதான் கடினம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் மிச்சம் கரும்புகையாகச் சைலன்சர் வழியே போய்விடும்.

ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்றை இழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது மாமாவின் 3 லீற்றர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 லீற்றர் காற்றை இழுக்கும். மச்சானின் 2.4 லீற்றர் என்ஜின் தானாக இழுத்தால் 2400 லீற்றர்தான். இதுவரை மாமாவின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் டர்போ, வெளியே போகும் சூடான புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் விசிறி, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் அமுக்கத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அமுக்கம் கிடைத்து, இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்வித்தும் கொடுத்தால், 2.4 லீற்றர் என்ஜின் 4800 லீற்றருக்குக் கிட்டவான காற்றைப் பெறுகிறது.

முறுக்குவிசையில், அதாவது என்ஜின் தன் தண்டைத் திருகும் விசையில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுமை இழுக்க வேண்டிய வாகனத்துக்குக் குதிரை வலுவைவிட முறுக்குவிசைதான் முக்கியம். மாமாவின் 3 லீற்றர் சுமார் 200 நியூற்றன் மீற்றர் கொடுக்கும். மச்சானுடையது 400 கொடுக்கும், அதுவும் 1600 சுற்றிலேயே. ஃபோர்ட் ரேஞ்சரிலும் இதே கதைதான். ஒற்றை டர்போ பூட்டிய ஐந்து சிலிண்டர் 3.2 லீற்றர் என்ஜின் 470 கொடுத்தது. பின்னர் வந்த 2 லீற்றர் இரட்டை டர்போ 500 கொடுக்கிறது.

"சின்ன என்ஜினைக் கசக்கிப் பிழிந்தால் சீக்கிரம் தேயாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய என்ஜினை எடுத்து டர்போவைத் தலையில் கட்டிவிட்டது அல்ல இது. சிலிண்டரின் சுவர், பிஸ்டன், கனெக்டிங் றொட் எல்லாமே அந்த அமுக்கத்துக்காக முதலிலிருந்தே வடிவமைக்கப்பட்டவை. கொள்ளளவு வேறு, உறுதி வேறு. டீசலும் டர்போவும் சேர்ந்து வேலை செய்வது நேற்று வந்ததுமல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரெட் பூக்கி இதற்கான காப்புரிமையைப் பெற்றது 1905இல். 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜின்கள் அவருடைய டர்போவால் 1750 குதிரை வலுவிலிருந்து 2500க்கு உயர்ந்தன. கப்பலைவிடச் சுமை இழுக்கும் வாகனம் எது?

டீசல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் என்ஜின் வெறும் காற்றைத்தான் அமுக்குகிறது. எரிபொருள் கடைசி நேரத்தில்தான் உள்ளே தெளிக்கப்படுகிறது. எவ்வளவு அமுக்கினாலும் நேரம் தவறி வெடிக்க அங்கே ஒன்றுமில்லை. பெற்றோல் அப்படி அல்ல. கடும் சுமையில், சூட்டில், தீப்பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சப் பெற்றோல் தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க என்ஜினின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது, தேவைக்கு மேல் பெற்றோலைத் தெளித்து உள்ளே குளிர்விக்கிறது. அந்தப் பெற்றோல் செலவாவது வாகனத்தை இழுக்க அல்ல, வெறும் குளிர்ச்சிக்கு. ஆகவே சின்ன பெற்றோல் டர்போ வெறும் வண்டியாக ஓடும்போது நன்றாக மிச்சம் பிடிக்கும். நாள் முழுவதும் சுமை ஏற்றினால் அந்த மிச்சம் கரைந்துவிடும். நம் நாட்டில் கார் வரி என்ஜினின் கொள்ளளவைப் பார்ப்பதால் 1000 சிசி டர்போ கார்கள் விரும்பி வாங்கப்படுகின்றன. காருக்கு அது நல்ல தெரிவு. அதே கணக்கைச் சுமை வாகனத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

(காட்சி: தோட்டத்துக்குள் பழைய கெப். மழை பெய்த மறுநாள். பின் சில்லு செம்மண்ணில் புதைந்திருக்கிறது.)

இப்போது டர்போ தோற்கும் இடத்தைக் காட்டுகிறேன். முதல்நாள் மழை. கெப்பில் முப்பது மூட்டை வெங்காயம். மாமா முதல் கியரைப் போட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமலே கிளச்சை விடுகிறார். என்ஜின் ஒரு கணம் முனகுகிறது. பிறகு சில்லு ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று ஊர்ந்து, வண்டி வரம்பில் ஏறிவிடுகிறது. அதே பள்ளத்தில் மச்சான் தன் கெப்பை அப்படியே விட்டுப் பார்த்தார். நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கூடுதலாக அமத்தினார். என்ஜின் ஒரு செக்கன் யோசித்தது, பிறகு 400 நியூற்றன் மீற்றரும் ஒன்றாக வந்து சேர்ந்தது. சில்லு வழுக்கிச் சுழன்று, இன்னும் ஆழமாகப் புதைந்தது.

ஏன் அப்படி? 1200 சுற்றுக்குக் கீழே புகையின் வேகம் குறைவு. டர்போ இன்னும் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் அது வெறும் 2.4 லீற்றர் என்ஜின்தான். மூன்றாவது தடவை மச்சான் நான்கு சில்லு இழுவையைப் போட்டு, லோ கியரில் 1500 சுற்றில் பிடித்து, கிளச்சை நிதானமாக விட்டார். வண்டி வெளியே வந்தது. ஓட்டும் கைதான் மாற வேண்டியிருந்தது. ஆனாலும் சேற்றுக்குள் ஊர்ந்து போக எது இலகு என்று கேட்டால், பழையதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

வீதியில் நிலைமை தலைகீழ். ஏ9 வீதியில் இங்கிருந்து தம்புள்ளை ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஒரு தொன் சுமையோடு புதிய கெப் 1800 சுற்றில் சீராகப் போகிறது. முந்த வேண்டிய இடத்தில் கியரைக் குறைக்கவே தேவையில்லை. பழையது அதே இடத்தில் அலறும். தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை, கண்டி என்று ஏறினால் வித்தியாசம் இன்னும் பெரிது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறக்குறையப் பத்து வீத வலுவை இழக்கும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மாமாவின் 3 லீற்றர், 2.5 லீற்றரைப் போலத்தான் இழுக்கும். டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடும்.

(காட்சி: கராஜ் மேசை. ஒரு உள்ளங்கையில் பழுதான டர்போவின் தண்டும் விசிறியும்.)

இதைப் பாருங்கள். கொக்குவிலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை கழற்றி என் கையில் வைத்தது. விசிறி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஓடும்போது இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஒயிலின் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. நல்ல டர்போவில் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அளவு அசைவுதான் தெரியும். இது என் விரலுக்குள் கடகடவென்று ஆடுகிறது. இறகுகளின் நுனி உறையில் உரசித் தேய்ந்திருக்கிறது. ஒயில் வரும் குழாயைத் திறந்தால், உள்ளே தார் மாதிரிக் கட்டி.

இந்த வண்டி எத்தனை தொன் சுமை இழுத்தது என்று கேட்டேன். அண்ணை சிரித்தார். வெங்காயமும் இல்லை, மீனும் இல்லை. கொக்குவிலிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து பட்டணம், வெள்ளிக்கிழமை கோயில். மூன்று வருடம் அப்படித்தான். நினைவு வந்தபோது ஒயில் மாற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. டர்போ டீசலைக் கெடுப்பது சுமை அல்ல. ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. கரி எரிந்து போகாமல் புகைப் பாதையில் படிகிறது. புகையைத் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு அடைக்கிறது. டர்போவுக்குள் கோணம் மாற்றும் இறகுகள் கரியில் ஒட்டிக்கொள்கின்றன. ஒயிலுக்குள் கரியும் டீசலும் சேர்கின்றன. வாரம் இரண்டு தடவை தம்புள்ளைக்குப் போகும் கெப்புக்குள் இந்தக் கரி எரிந்து தள்ளப்பட்டுவிடும். ஆகவே சின்ன டர்போ டீசலுக்கு மிகப் பொருத்தமானவர் சுமை ஏற்றும் தோட்டக்காரர். மிகப் பொருந்தாதவர், டபுள் கெப்பைக் குடும்பக் காராகப் பட்டணத்துக்குள் மட்டும் ஓட்டுபவர். நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள்.

வாங்குவதென்றால் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் சொன்ன தரத்தில் ஒயில், நம் சூட்டுக்கும் தூசுக்கும் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள். எயார் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். வலிகாமத்துச் செம்மண் தூசு விசிறியின் இறகை அரம் போல் அராவும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சுமையோடு வந்து நின்றால், திறப்பைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். கடைசி இரண்டு கிலோமீற்றர் மெதுவாக வந்திருந்தால் அதுவும் தேவையில்லை. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பழைய பம்ப் மன்னிக்கும். புதிய கொமன் றெயில் என்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் 1600 பாருக்கும் மேலான அமுக்கத்தில் தெளிக்கப்படுகிறது. அது மன்னிக்காது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கலன்களில் சேமித்த டீசலில் தண்ணீர் சேர்ந்து இன்ஜெக்டர் போன வண்டிகளுக்கும் "டர்போ பழுது" என்ற பெயர்தான் வந்தது.

பாவித்த வண்டி என்றால், இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே லேசான ஒயில் ஈரம் இருப்பது வழக்கம். தேங்கி ஒழுகினால் வாங்காதீர்கள். கழற்ற விடமாட்டோம் என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

(காட்சி: மாலை. தோட்டத்து ஒழுங்கையிலிருந்து பழைய கெப் வெளியே வருகிறது. பிரதான வீதியோரம் புதிய கெப், பின்கதவு திறந்தபடி.)

மாமா பழைய கெப்பை விற்கவில்லை. வெங்காயம் கிண்டும் நாட்களில் அதுதான் தோட்டத்துக்குள் இறங்கி மூட்டைகளை வீதிவரை கொண்டுவருகிறது. அங்கே மூட்டைகளைப் புதியதற்கு மாற்றி ஏற்றுகிறார்கள். போன கிழமை நானும் ஏற்றிவிட்டேன். இரவு பத்து மணிக்கு மச்சான் புறப்பட்டார். மாமா முன் இருக்கையில் ஏறியிருந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "தம்புள்ளையில் நிற்பாட்டும்போது உடனே ஓஃப் செய்யாதே."