பழைய பள்ளியைச் சீரமைக்கப் போகிறீர்களா? முதல் கோடு போடும் முன்பே கூப்பிடுங்கள்

[திரையில்: ஒரு பள்ளியின் தரைத்தள வரைபடம், தரையில் விரித்துப் போடப்பட்டிருக்கிறது. சுற்றிலும் கால்கள்.]

வணக்கம். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் கட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி ஒழுகுகிறது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பாதிக் குழாய்களில் தண்ணீர் வருவதில்லை. ஒருவழியாகச் சீரமைக்க நிதி ஒதுக்கிவிட்டார்கள். அடுத்து என்ன?

பெரும்பாலும் நடப்பது இதுதான். விடுமுறை நாளில் யாரோ வந்து அளவெடுப்பார்கள். நாலைந்து மாதம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் ஒரு கூட்டம், திரையில் பளிச்சென்று ஒரு வண்ணப் படம். "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்தக் கட்டத்தில் எதை மாற்ற முடியும்? சுவருக்கு என்ன நிறம் என்பதை மாற்றலாம். கழிப்பறை எந்தப் பக்கம், எந்தக் கட்டடத்தை இடிப்பது, எதை விட்டுவைப்பது எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்கள் தலையாட்டுவதோடு சரி. நடுவில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள். ஆறாவது படிக்கு வந்தால்தான் முடிவெடுப்பதில் உண்மையான பங்கு கிடைக்கும். நான் சொன்ன அந்தக் கூட்டம் நடுப்படியைத் தாண்டுவதே இல்லை.

பீம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதைக் கை தூக்கி முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் எதை முதலில் செய்வது, எது எங்கே வர வேண்டும், பணம் போதாவிட்டால் எதைத் தள்ளிப்போடுவது என்ற மூன்று கேள்விகளிலும் அந்தப் பள்ளியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆறாவது படி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது கிடைக்க வேண்டுமானால், வரைபடத்தில் முதல் கோடு விழுவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட வேண்டும்.

[திரையில்: ஒரு மாணவி பென்சிலால் வரைபடத்தில் வழி வரைகிறாள்.]

சரி, கூப்பிட்டு என்ன செய்வது? நாற்காலி போட்டு மைக் வைத்தால், பேசிப் பழகிய நாலு பேர் மட்டும் பேசுவார்கள். அதற்குப் பதில் நடந்து பாருங்கள். இப்போது இருக்கிற கட்டடத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். ஆறேழு பேராகச் சேர்ந்து பள்ளியைச் சுற்றட்டும். ஒவ்வொரு குழுவிலும் மாணவர், ஆசிரியர், பெற்றோர், தூய்மைப் பணியாளர், காவலாளி என்று கலந்து இருக்கட்டும்.

கேட்கிற கேள்வியிலும் கவனம் வேண்டும். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் கலையரங்கம், நீச்சல் குளம் என்று ஆரம்பிப்பார்கள். "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கெங்கே போனாய்? எங்கே போகாமல் தவிர்த்தாய்?" என்று கேளுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பென்சிலை எடுத்து வழி வரைகிறாள் என்று வையுங்கள். வாசல், வகுப்பறை, ஆய்வுக்கூடம், மறுபடி வகுப்பறை, வாசல். கழிப்பறைப் பக்கம் கோடு போகவே இல்லை. ஏன் என்று கேட்டால், அங்கே போக மைதானத்தின் நடுவே எல்லோர் கண்ணிலும் பட்டு நடக்க வேண்டும், உள்ளே போனால் தாழ்ப்பாளும் இல்லை. அதனால் காலையில் குடிக்கிற ஒரு வாய்த் தண்ணீரோடு நாளை ஓட்டிவிடுகிறாள். அளவு புத்தகத்தில் அந்தக் கழிப்பறை "நல்ல நிலையில் உள்ளது" என்று இருக்கலாம். அவள் போகாமல் இருப்பது எந்த அளவு நாடாவிலும் வராது. இதை அவள் பொதுக்கூட்டத்தில் சொல்லவும் மாட்டாள். மாணவிகளை மட்டும் தனியாக, ஒரு பெண் ஆசிரியரோடு நடக்க விட்டால்தான் வாய் திறப்பார்கள்.

தூய்மைப் பணியாளருக்கு எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் குழாய் மாதத்துக்கு இரண்டு தடவை அடைக்கும் என்பது அத்துப்படி. மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வளாகத்துக்குள் வருகிறது என்று காவலாளி கை காட்டுவார். இவர்கள் இரண்டு பேரையும் கேட்காமல் போடுகிற வடிகால் திட்டம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. முன்னாள் மாணவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. எந்தப் பகுதி எப்போது கட்டினார்கள், பழைய கிணறு எங்கே மூடப்பட்டது என்பதெல்லாம் சில சமயம் கோப்பில் இருக்காது, அவர்கள் நினைவில்தான் இருக்கும். நன்கொடை தருகிறார்கள் என்பதற்காக நுழைவு வளைவுக்கு முன்னுரிமை கொடுத்துவிடாதீர்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளின் தேவை அதற்கு முன்னால் நிற்கிறது.

[திரையில்: சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு.]

அதே சமயம் கட்டடத்தையும் கேட்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியைக் காப்பாற்றுவது கான்கிரீட்டின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்த அளவு 9-க்கும் கீழே போய்விடும். அதோடு ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழுகிறது. அங்கே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் நோய் உள்ளேயே இருக்கும். முதலில் சுத்தியல் சோதனை, ஒலியலைச் சோதனை, தேவைப்பட்டால் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்துப் பார்ப்பது என்று கட்டமைப்புப் பொறியாளர் முறையாகச் சோதிக்க வேண்டும்.

விரிசலுக்கு ஓர் எளிய பழைய வழி இருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவைப்பார்கள். சில மாதம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால், விரிசல் இன்னும் நகர்கிறது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தால், அது பெரும்பாலும் நின்றுபோன பழைய விரிசல். கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிற துண்டுகளை வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையை ஒரு வகுப்புக்குக் கொடுக்கலாம். பொறியாளருக்கும் தகவல் கிடைக்கும், பிள்ளைகளும் தங்கள் கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு வரலாறே சாட்சி. 1933 மார்ச் 10 மாலை 5:54-க்கு கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலநடுக்கம் வந்தபோது பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்ட நேரம் என்பதால் பேரிழப்பு தவிர்ந்தது. அதன்பின் ஒரே மாதத்தில், பொதுப் பள்ளிகளை நிலநடுக்கம் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று அந்த மாநிலம் 'ஃபீல்ட் சட்டம்' கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2018-ல், இலகுரகக் கான்கிரீட் பலகைகளால் ஆன ஒரு பள்ளிக் கூரை வார இறுதியில் இடிந்து விழுந்தது. அதே வகைப் பலகைகள் இருந்ததால், 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். இரண்டு தடவையும் பிள்ளைகள் உள்ளே இல்லாதது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

எனவே உயிர்ப் பாதுகாப்பை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது. ஆனால் சோதனை முடிவை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லியாக வேண்டும். எந்த அறை பத்திரம், எது இல்லை என்று அதே வரைபடத்தில் நிறம் தீட்டி மாட்டுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரையோ பழைய ஈயப் பெயின்ட்டோ இருந்தால் அதையும் குறியுங்கள். இரண்டையும் பிள்ளைகள் இருக்கும்போது சுரண்டவோ உடைக்கவோ கூடாது.

[திரையில்: அட்டையில் ஒட்டப்பட்ட வட்ட ஸ்டிக்கர்கள்.]

இப்போது பணம். ஒவ்வொரு குழுவுக்கும் 20 ஸ்டிக்கர் கொடுங்கள். மொத்த நிதியும் அந்த இருபதுதான். கூரைக்கு 6, கழிப்பறைக்கு 4, மின் இணைப்புகளுக்கு 3, ஆய்வுக்கூடத்துக்கு 5, மேடைக்கு 4, பெயின்ட்டுக்கு 2, எதிர்பாராத செலவுக்கு 3 என்று தோராய மதிப்பீட்டை ஒட்டி விலை போடுங்கள். கூட்டினால் 27 வரும். எதை விடுவது என்று அவர்களே பேசட்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தண்ணீர்க் கசிவை நிறுத்தாமல் பூச்சு வேலை செய்யக் கூடாது. ஓதம் ஏறிய சுவரில் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. எதிர்பாராத செலவுக்கான பங்கிலும் கை வைக்க விடாதீர்கள். பழைய சுவரைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

சாய்தளம் எப்போதும் கடைசியில் நினைவுக்கு வந்து, இடமில்லாமல் செங்குத்தாகப் போய் முடிகிறது. சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம். சக்கர நாற்காலியில் வருகிற மாணவரை முதல் நாள் நடையிலேயே சேர்த்துக்கொண்டால் அந்த நீளம் முதல் வரைபடத்திலேயே வந்துவிடும்.

வகுப்பறையின் ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் சத்தமாகப் பேசியும் பின்வரிசைக்குப் புரியவில்லை என்றால் எதிரொலியைப் பாருங்கள். நடுத்தர அளவு வகுப்பறையில் அது 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வெற்றுச் சுவரும் வெற்றுக் கூரையும் உள்ள அறையில் இது மிக எளிதாக மீறிப்போகும். ஒலியை உறிஞ்சும் பலகைகள் போதும், பெரிய செலவில்லை.

வேலை நடக்கும்போது பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? ஒரு பகுதியைக் காலி செய்து, முடித்துத் திறந்து, அப்புறம் அடுத்த பகுதி என்று போக வேண்டும். பொதுத்தேர்வு வாரங்களில் இடிக்கிற சத்தம் கூடாது என்பதும், லாரி வருகிற வழியும் பிள்ளைகள் நடக்கிற வழியும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்கட்டும்.

[திரையில்: பள்ளி வாசலில் ஒரு பலகை.]

வாசலில் ஒரு பலகை வையுங்கள். நடந்து பார்த்தபோது யார் யார் என்ன சொன்னார்கள், அதில் எதைச் செய்கிறோம், எதைச் செய்யவில்லை, ஏன். இந்த 'ஏன்' இல்லாவிட்டால் அடுத்த தடவை கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

வேலை முடிந்த பிறகு, குறைகளைச் சரிசெய்து தர ஒப்பந்ததாரருக்குப் பொறுப்பு இருக்கிற காலம் முடிவதற்குள், மழை பெய்கிற நாளாகப் பார்த்து அதே குழுக்களை மறுபடி கூப்பிடுங்கள். அதே வரைபடம், அதே பென்சில். தூய்மைப் பணியாளர் அந்த மூலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கட்டும். அந்த மாணவி இந்நேரம் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பாள். அவள் கோடு இந்தத் தடவை கழிப்பறைப் பக்கம் போகிறதா என்று பாருங்கள்.