தாமதச் செய்தி தாமதமாக வரக் கூடாது

(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் இளம் பொறியாளர்களும் நிர்வாகத் துறையினரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு சாலை நெரிசலைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் இளம் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திட்டங்களைத் திறம்பட நடத்துவது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கால அட்டவணை, வரவுசெலவு, இடர் மதிப்பீடு ஆகியவற்றைப் பயிற்சி வகுப்புகளில் கற்றிருப்பீர்கள். நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலையில் ஒரு கோளாறு தலைகாட்டினால், அதைச் சரிசெய்யும் அதிகாரமுள்ளவரின் காதுக்கு அது எத்தனை விரைவாகப் போய்ச் சேருகிறது என்பதே ஒரு திட்டத்தின் நலத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் நகரத்திலேயே சான்று இருக்கிறது. 452 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எழுப்பத் திட்டமிட்டபோது, முதலில் குறித்த இடத்தின் அடியில் பாறை ஒரே சீராக இல்லை என்பது மண் ஆய்வில் தெரியவந்தது. ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறையின் விளிம்பிலும் மறு பகுதி சிதைந்த மென்பாறையிலும் அமைந்திருந்ததால், கோபுரங்கள் நிற்கும் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தினார்கள். வரைபடம் தயாரான பிறகு இடம் பொருந்தாது என்று சொல்வது யாருக்கும் எளிதன்று. ஆனால் அடித்தளம் போடுவதற்கு முன் வந்ததால்தான் அந்தச் செய்தி ஒரு திருத்தமாக முடிந்தது. பத்து மாடி எழும்பிய பிறகு வந்திருந்தால் அது பேரிடர்.

அப்படியானால் செய்தி ஏன் தாமதமாக வருகிறது? தெரிந்தவர்கள் சொல்ல அஞ்சுகிறார்கள். பெரியவர்களிடம் மறுத்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட இளைஞர், "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?" என்று மேலாளர் கேட்டால், முடியாது என்று தெரிந்தும் "சரிங்க சார்" என்றே சொல்வார். கட்டுமானத் தளத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து வேலை செய்பவரின் வேலை அனுமதி, அவரை அழைத்துவந்த முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சாரக்கட்டு ஆடுவதை அவர் கண்ணால் பார்க்கிறார். வாய் திறந்தால் பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. அந்த அச்சத்தைக் களைவது மேலாளரின் கடமை. தொழிலாளியின் துணிச்சலை நம்பித் திட்டம் நடத்துவது நியாயமாகாது.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகள் இதற்கு நல்லதொரு வழி கண்டன. வண்டிகளின் பாகங்களைப் பொருத்தும் வரிசையில் ஒரு கயிறு தொங்கும். குறை எதையாவது கண்ட தொழிலாளி அதை இழுத்தால் விளக்கு எரியும். குழுத் தலைவர் உடனே அவ்விடம் வருவார். வண்டி குறித்த இடத்தை அடைவதற்குள் சிக்கல் தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். பலரும் இங்கே கயிற்றைத்தான் வியக்கிறார்கள். நான் பெரிதாக மதிப்பது, இழுத்தவரிடம் உதவிக்கு ஆள் வருகிறது என்பதை. உங்கள் குழுவில் ஒருவர் சிக்கலைச் சொன்னதும் நீங்கள் முதலில் கேட்பது "யார் செய்தது?" என்பதா, "என்ன உதவி வேண்டும்?" என்பதா? முதல் கேள்வியை ஒருமுறை எல்லார் முன்னும் கேட்டுவிட்டால், அடுத்த பல மாதங்களுக்கு எவரும் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

கேட்கும் முறையையும் சற்றுக் கவனியுங்கள். "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்ற கேள்வி "ஆம்" என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டே கேட்கப்படுவது. "இந்த வாரம் உங்களைத் தடுத்து நிறுத்தியது எது? அடுத்த வாரத்துக்காக யாருக்குக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். கூட்டத்தில் பேசத் தயங்குபவரைத் தனியே பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியிருப்பதை ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள்.

எல்லாத் தாமதமும் ஒரே எடை கொண்டதன்று. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று கோத்திருக்கும் வேலைகளில் மிக நீண்ட தொடரை முக்கியப் பாதை என்பார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறை அது. அத்தொடரில் ஒரு நாள் தவறினால் முடிவுநாளும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆகவே அந்தப் பாதையில் இருப்பவர்களோடு அன்றாடம் பேசுங்கள்.

செய்தி வந்த பிறகு பதற்றத்தில் செய்யும் தவறு ஒன்றுண்டு: கூடுதலாக ஆள் சேர்ப்பது. ஐபிஎம் நிறுவனத்தில் 1960களில் பெரும் மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைப்புகள் 10. பத்துப் பேரானால் அவை 45. வேலையின் அளவைக் குறைப்பதும், எதை இப்போது விடலாம் என்று வாடிக்கையாளரோடு பேசி முடிப்பதுமே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மனிதர்களோடு வேலை செய்யும் கலையைக் கற்க நமக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அங்கே சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை, எவரையும் மிரட்டவும் முடியாது. அடுப்பைப் பார்ப்பவர் யார், தண்ணீர் தீர்ந்தால் யாரிடம் சொல்வது, விடியற்காலையில் குப்பையை அள்ளுபவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்த பந்தல் நன்றாக நடக்கிறது. எல்லாரும் எல்லாமும் பார்த்துக்கொள்வோம் என்று தொடங்கிய பந்தலில் நான்கு நல்லவர்கள் களைத்துப் போகிறார்கள், மற்றவர்கள் மனத்தாங்கலோடு வீடு திரும்புகிறார்கள். விரும்பி வந்தவரிடமே பொறுப்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சம்பளத்துக்கு வந்தவரிடம் எவ்வளவு தெளிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக, கீழிருந்து வரும் செய்தியை மேலே கொண்டு செல்லும் பொறுப்பு. குழுவிடம் ஒளிவுமறைவின்மையைக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளருக்கான அறிக்கையில் எல்லாம் நலம் என்று பச்சை வண்ணத்தில் காட்டினால் குழு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். தாமதம் உறுதியாகும்வரை காத்திராமல், ஐயம் எழுந்த வாரத்திலேயே வாடிக்கையாளரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். என்ன நடந்தது, முடிவுநாளை எவ்வளவு பாதிக்கக்கூடும், அவர் எந்த முடிவை எந்த நாளுக்குள் எடுத்துத் தர வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அதற்கான விவரங்களைத் தயாரித்துத் தந்த பொறியாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.