அம்மாவின் காலும் 4,800 ரூபாய்ச் செருப்பும்

வணக்கம் மக்களே. நண்டுக்கறி அடுத்த கிழமை. இன்றைக்கு நான் கோபத்தில் இருக்கிறேன்.

போன வீடியோவில் அம்மா கல்லடிக் கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டு நின்றாரே, அன்றைக்கே உள்ளங்காலில் சிப்பித்துண்டு ஏறியிருக்கிறது. மூன்று நாள் அதோடேயே நடந்திருக்கிறார். குசினித் தரையில் இரத்தத்தைக் கண்டுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். கேட்டால், "நோகல்லயே மனே" என்கிறார்.

நோகாததுதானே பிரச்சினை! 14 வருடச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி கூடியே கிடந்தால் கால் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும். குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை இறங்கினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கிளினிக்கில் தங்கூசி மாதிரி ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் விழும். கண்ணை மூடிக்கொண்டு, படும்போது சொல்ல வேண்டும். பெருவிரலுக்குக் கீழே தொட்டபோது அம்மா பேசாமல் இருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மறுகா, செருப்புக் கதை. விரலிடுக்கில் வார் போகும் ரப்பர்ச் செருப்பு எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. முன்பக்கம் மூடியது, உள்ளே தையல் தடிப்பில்லாதது, பட்டியை இளக்கக்கூடியது வேண்டும். டவுனில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒருவர் 6,500 என்றார். நான் 4,500 என்றேன். அவர் சிரித்தார். நான் எழும்பி வாசல் வரை நடந்தேன். கூப்பிட்டார்! 4,800. மட்டக்களப்பில் பேரம் பேச என்னைக் கேளுங்கள்.

ஓ, சொல்ல மறந்துபோனேன். பின்னேரம்தான் போனோம். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் அளவு பார்த்தால் பின்னேரம் இறுக்கும்.

சுடுதண்ணியில் உப்புப் போட்டு ஊறவைக்கச் சொல்லித் தயவுசெய்து கீழே எழுதாதீர்கள். சூடு தெரியாத கால், வெந்துதான் வெளியே வரும்.

இப்போது இரவில் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறோம், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறோம். அதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் செருப்பா என்று முகத்தைச் சுளிக்கிறார். புதுச் செருப்பு பெட்டியோடு அலுமாரிக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவாராம்.

அம்மா, அங்கே வாசலிலேயே கழற்ற வேண்டுமே!