கதிர் அரிவாள் கொடுத்த இளவரசி

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அருட்சகோதரிகளே, பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைப் பெரியோரே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். காலையிலிருந்து பந்தல் போட்ட தம்பிகளை இதுவரை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் என் வணக்கம்.

இன்று நவம்பர் 17, இல்லறத்தில் இருந்தபடியே புனித பிரான்சிஸின் வழியில் நடக்கும் உங்கள் மூன்றாம் சபையின் பாதுகாவலியான ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் திருநாள். அவருடைய பிள்ளைப்பருவம், அவர் கட்டிய மருத்துவமனை, ரொட்டி ரோஜாவான புதுமை என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். சரி, முடிந்தவரை பேசுகிறேன்.

1207-இல் அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவின் மகளாகப் பிறந்தார். நான்கு வயதில் ஜெர்மனியின் துரிங்கியாவுக்கு, வருங்கால மருமகளாக அனுப்பிவிட்டார்கள். 14 வயதில் துரிங்கியாவை ஆண்ட லுட்விக்குடன் திருமணம். 20 வயதில் தாலி இழந்த நிலை. சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கணவர் வழியிலேயே, இத்தாலியின் ஒட்ராண்டோவில், காய்ச்சலில் இறந்தார். 24 வயதில் இவரும் போய்விட்டார்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார் என் அப்பத்தா. நானும் ஏறும் மேடையெல்லாம் சொல்கிறேன். புனிதர் என்றால் அள்ளி இறைத்தவர் என்றே நினைக்கிறோம். எலிசபெத் அளந்து போட்டவர். 1226-இல் கொடும் பஞ்சம். கணவர் இத்தாலியில். இவர் களஞ்சியத்தைத் திறந்தார். ஆனால் ஒரே நாளில் காலி செய்யவில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கொடுத்தார். வார்ட்பர்க் கோட்டைக்குக் கீழே ஒரு வீட்டில் 28 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்.

அப்புறம் அறுவடை வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உடன் இருந்த பணிப்பெண்கள் பின்னாளில் புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் சொன்ன சாட்சியம் இது. உழைக்கத் தெம்புள்ள ஆண்களையும் பெண்களையும் கூப்பிட்டார் எலிசபெத். ஆளுக்கொரு சட்டை கொடுத்தார். அறுத்த தாள் பாதத்தில் குத்தும் என்று செருப்பு கொடுத்தார். கையில் கதிர் அரிவாளைக் கொடுத்தார். போய் அறுத்துச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார். அரண்மனையில் வளர்ந்த பெண்ணுக்கு அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரிந்தது? என்னை அழவைக்கிற இடம் இதுதான் அம்மா!

நகர்மன்ற உறுப்பினர் அம்மா இங்கே இருக்கிறார்கள், அதனால் கேட்டுவிடுகிறேன். நம் தெருவைக் கூட்டும் அக்காமாருக்கு ஒருமுறை பூட்ஸ் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு. ஒரு அக்கா விரல்பக்கம் பழைய துணியைத் திணித்து நடந்தார். கால் கொப்புளித்ததும் கழற்றி வண்டியிலே மாட்டிவிட்டார். அளந்து போடு என்பது இதற்கும்தானே ஐயா! தேர்த்திருவிழா வாணவேடிக்கைப் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். இன்றும் கேட்கிறேன்.

ரோஜாப் புதுமையை அருட்சகோதரி சொல்வார்கள். செய்தித்தாளில் அந்த அக்காமாரின் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வாங்கி வந்திருக்கிறேன். பங்குத்தந்தை அவர்களே, அந்தக் கட்டு இதோ.