தோற்பவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன்

நடுவர் அவர்களே, ஜெயித்தவர்களின் பக்கம் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்: 'பழைய கார்ட்டூன் குறும்படங்களில் நம் மனதில் நிற்பவர் ஜெயிப்பவரா, தோற்பவரா?' எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஜெர்ரி என்ற எலிக்கும் பக்ஸ் பன்னி என்ற முயலுக்கும் ரோட் ரன்னர் என்ற பறவைக்கும் ஆளுக்கொரு மாலை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சின்ன உயிர் பெரிய உயிரை மூளையால் மடக்குகிறது, அதனால்தான் நாம் கைதட்டுகிறோம் என்றார். கைதட்டினோம், மறுக்கவில்லை. ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தது யாரைப் பார்த்து? அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

அவருடைய பலமான சாட்சி ரோட் ரன்னர். அதிலிருந்தே தொடங்குகிறேன். 1949-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்' என்ற படத்தில்தான் அந்தப் பறவை முதலில் வந்தது. இயக்கியவர் சக் ஜோன்ஸ், கதை மைக்கேல் மால்டீஸ். சரி, பறவை என்ன செய்கிறது? ஓடுகிறது. நிற்கிறது. நாக்கை நீட்டுகிறது. மறுபடி ஓடுகிறது. மொத்த வசனமும் 'பீப் பீப்'. அதையும் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஸ்டுடியோவில் பின்னணி ஓவியம் வரைந்த பால் ஜூலியன், பெரிய பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வருவார். முன்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் வழிவிடச் சொல்லி வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு நடப்பார். அந்தச் சத்தம் பிடித்துப்போய் அவரையே குரல் கொடுக்க வைத்தார்கள். எதிரணியின் கதாநாயகன் வாழ்நாள் முழுக்கப் பேசியது ஒரு வராந்தா ஹாரன், நடுவர் அவர்களே!

இப்போது அந்தப் பறவையைப் பிடித்துத் தின்னத் துரத்தும் கயோட்டியைப் பாருங்கள். அமெரிக்கப் பாலைவனத்து விலங்கு, ஓநாய்க்குச் சொந்தக்காரன். இளைத்த உடம்பு, ஒட்டிய வயிறு. இவனுக்குத் திட்டம் இருக்கிறது. கையால் வரைந்த வரைபடம் இருக்கிறது. ஆக்மி என்ற கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வருகிறது: ராக்கெட், வெடி, காந்தம், இன்னும் என்னென்னவோ. சாப்பாட்டுக்கு வழியில்லாதவனுக்கு அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள். அந்தக் காசில் ஒரு கோழி வாங்கியிருக்கலாமே என்றும் கேட்காதீர்கள். அப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவனாக இருந்தால் அவனுக்காக நான் இங்கே வந்து பேச மாட்டேன்.

முதல் படத்திலேயே பாறையில் சுரங்கப்பாதை வரைகிறான். நிஜம் போலவே இருக்கிறது. பறவை அந்தப் படத்துக்குள் நுழைந்து ஓடியே போய்விடுகிறது. இவன் பின்னால் பாய்ந்து போய்ப் பாறையில் மோதுகிறான். இந்தக் காட்சியில் பறவை திரையில் இருப்பது எவ்வளவு நேரம்? வந்தது தெரியும், போனது தெரியும். வரைந்தது இவன், நம்பியது இவன், மோதியது இவன். அந்த இடத்தில் நாம் பார்ப்பது இவன் முகத்தை.

அப்புறம் அந்த விழுதல். மலை விளிம்பைத் தாண்டிக் காற்றில் நிற்பான். கீழே பார்ப்பான். பிறகு நம்மைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் விழுவான். இதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது தெரியுமா? சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். கயோட்டி பள்ளத்தில் சிறுத்து மறைவதற்கு 18 ஃபிரேம், மறைந்த பிறகு தரையில் மோதும் புழுதி தெரிய இன்னும் 14 ஃபிரேம் என்று ஜோன்ஸ் கணக்கு வைத்திருந்தார். 13 ஆனாலும் சிரிப்பு வரவில்லை, 15 ஆனாலும் வரவில்லை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்காக ஒரு கலைஞன் மெனக்கெட்டது தோற்பவன் விழுவதற்காக. பறவை ஓடுவதற்கு இப்படிக் கணக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பின்னாளில் ஜோன்ஸ் இந்தப் படங்களுக்கான விதிகள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டார். 'பீப் பீப்' சொல்வதைத் தவிர வேறு எந்த வகையிலும் பறவை கயோட்டிக்குத் தீங்கு செய்யக் கூடாது. அவனைக் கெடுப்பது அவனுடைய திறமைக்குறைவும் ஆக்மி சாமானின் கோளாறும் மட்டுமே. அவனுக்கு அடியைவிட அவமானம்தான் பெரிதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு, எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்: பார்ப்பவர்களின் அனுதாபம் எப்போதும் கயோட்டி பக்கமே இருக்க வேண்டும். கதை எழுதிய மால்டீஸைக் கேட்டபோது, அப்படி ஒரு விதியையும் நான் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டார். நல்லது. விதியை விட்டுவிடுவோம். படத்தைப் போட்டுப் பார்த்து, உங்கள் அனுதாபம் எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஜோன்ஸுக்கு இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் படித்த மார்க் ட்வைனிடமிருந்து. 1872-இல் வந்த பயண நூல் ஒன்றில் ட்வைன் கயோட்டியை இல்லாமையின் உருவமாகவே, எந்நேரமும் பசித்திருக்கும் பிராணியாக எழுதியிருந்தார். என் வாதம் முழுவதும் இந்தப் பசியில்தான் நிற்கிறது. தோற்பவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதற்காக அவன் யோசிக்கிறான், கட்டுகிறான், ஒளிகிறான், விழுகிறான், எழுந்து மறுபடி கட்டுகிறான். ஜெயிப்பவனுக்கு எதுவும் வேண்டாம். அவனை விட்டுவிட்டால் போதும். எதுவும் வேண்டாதவனை வைத்து ஏழு நிமிடம் கதை ஓட்ட முடியுமா?

இந்த இடத்தில் வடிவேலுவை இழுத்தால் உடனே கைதட்டல் கிடைக்கும். நான் இழுக்கப் போவதில்லை, அது ரொம்பச் சுலபம்.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு வருகிறேன். சகோதரி டாமைக் கொடுமைக்காரன் என்றார். 1940-இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்த முதல் படத்தைப் பாருங்கள். பூனைக்கு அப்போது ஜாஸ்பர் என்று பெயர். முதலில் எலியைச் சீண்டுவது பூனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு சாமான் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியே போ என்று வீட்டு வேலை பார்க்கும் அம்மா பூனையை எச்சரித்ததும் எலி என்ன செய்கிறது? ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, கிட்டே வந்தால் போட்டுடைப்பேன் என்று மிரட்டுகிறது. ஒருவன் வேலைக்கு உலை வைப்பதாகச் சொல்லி மிரட்டுவதற்கு நம் ஊரில் மூளை என்று பெயரா, நடுவர் அவர்களே? கடைசியில் வெளியே போவது பூனைதான்.

அப்புறம் 'தி கேட் கன்சர்ட்டோ'. 1947-இல் ஆஸ்கார் வாங்கிய படம். டாம் வால்கோட்டு போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, பியானோவில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்ஸடி என்ற இசையை வாசிக்கிறான். பியானோவுக்கு உள்ளே ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுந்து கலாட்டா செய்கிறது. கட்டையின் மூடி விரலில் விழுகிறது, விரலுக்கு எலிப்பொறி வருகிறது. டாம் வாசிப்பை நிறுத்தவே இல்லை. ஒரு கட்டத்தில் கையால் ஜெர்ரியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டே காலால் வாசிக்கிறான். திரையில் வசனமே இல்லை. எனக்கு அதில் பிடித்தது, ஜெர்ரி என்ன செய்தாலும் சபைக்கு முன்னால் முகம் கோணக்கூடாது என்று டாம் படுகிற பாடு. புருவத்தில் மட்டும் கோபம் தெரியும், கை ஒழுங்காக ஓடும். கடைசியில் களைத்து விழுகிறான். ஸ்பாட்லைட் ஜெர்ரி மேல் விழுகிறது, ஜெர்ரி எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொள்கிறது. எதிரணி இன்று இந்த மேடையில் செய்வதும் அதுதான்: வாசித்தவன் கீழே கிடக்கிறான், மாலை வேறொருவருக்குப் போகிறது.

டாமின் அலறலும் நம் காதில் நிற்கும் சத்தம். அது ஹன்னாவே கொடுத்த குரல். ஜெர்ரியின் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது இப்போது செய்து காட்டுங்களேன், பார்க்கலாம்.

1944-இல் வந்த 'தி மில்லியன் டாலர் கேட்' படத்தில் டாமுக்குப் பத்து லட்சம் டாலர் சொத்து வருகிறது. ஒரே நிபந்தனை: எந்த உயிருக்கும் தீங்கு செய்யக் கூடாது, எலிக்கும்தான். ஜெர்ரி அதைத் தெரிந்துகொண்டு அவனைப் படுத்தி எடுக்கிறது. கடைசியில் டாம் பொறுமை இழந்து பாய்கிறான். அப்போது அரிதாக வாய் திறந்து பேசுகிறான்: பத்து லட்சம் போகிறது, ஆனால் நான் சந்தோஷமாக இருக்கிறேன்! கேட்டீர்களா? தோற்பவனுக்குத்தான் இப்படி ஒரு முடிவு எடுக்கும் வாய்ப்பே வருகிறது. ஜெர்ரிக்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்ததே இல்லை.

பக்ஸ் பன்னியைத் தொடாமல் போனால் பயந்துவிட்டேன் என்பார்கள். கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. 1940-இல் டெக்ஸ் ஏவரி இயக்கிய 'எ வைல்ட் ஹேர்' படத்திலிருந்தே கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் அவனை உருவாக்கியவர்களுக்கே அவன் தனியாக நிற்பான் என்ற நம்பிக்கை இல்லை. முதலில் யாராவது சீண்ட வேண்டும், அப்புறம்தான் பக்ஸ் திருப்பி அடிக்க வேண்டும் என்று ஜோன்ஸ் வைத்துக்கொண்டார்; இல்லையென்றால் அவன்தான் முரடனாகத் தெரிவான். வேட்டைக்கார எல்மர் ஃபட் எதிரியாக நிற்க ரொம்ப அப்பாவி என்று நினைத்த இன்னொரு இயக்குநர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங், 1945-இல் யோசெமிட்டி சாம் என்ற கோபக்காரக் குள்ளனைக் கொண்டுவந்தார். பக்ஸ் சிரிக்க வைக்க வேண்டுமானால் எதிரில் நல்ல தோல்விக்காரன் தேவைப்பட்டான்.

நல்ல தோல்விக்காரன் என்றால் டாஃபி டக் என்ற கறுப்பு வாத்து. 1952-இல் வந்த 'ராபிட் சீஸனிங்' படத்தில் எல்மர் துப்பாக்கியோடு நிற்கிறான். பக்ஸ் பேச்சை மெல்லத் திருப்பிவிடுகிறான். 'அவனைச் சுடு' என்று தொடங்கிய டாஃபி, 'என்னைத்தான் சுட வேண்டும், இப்போதே சுடு' என்று உரிமைப் போராட்டம் நடத்துகிறான். எல்மர் கீழ்ப்படிகிறான். அலகு முகத்தில் இடம் மாறிப்போய்விடுகிறது. டாஃபி அதை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு, எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று யோசிக்கிறான் பாருங்கள், அந்த முகம் பக்ஸுக்கு எந்தப் படத்தில் கிடைத்தது? ஆமாம், ஒன்று உண்டு. செசில் என்ற ஆமை பக்ஸை மூன்று படங்களில் தோற்கடித்தது, முதலாவது 1941-இல். என்னைக் கேட்டால் பக்ஸ் அதிகம் சிரிக்க வைப்பது அந்த ஆமையிடம் மாட்டிக்கொண்டு கத்தும்போதுதான். அப்படியானால் எதிரணியின் ஹீரோ எங்கள் கட்சிக்கு வந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகிறான்!

1953-இல் வந்த 'டக் அமக்' படத்தில் டாஃபியைக் கண்ணுக்குத் தெரியாத ஓவியர் ஒருவர் அழிக்கிறார், பின்னணியை மாற்றுகிறார், குரலைப் பிடுங்குகிறார். படம் முழுக்க டாஃபி கெஞ்சுகிறான், கத்துகிறான், நடிக்கிறான். கடைசிச் சில நொடிகளில் வரைபலகையில் உட்கார்ந்திருப்பது பக்ஸ் என்று தெரிகிறது. ஜெயித்தவனுக்கு நொடிகள்தான், தோற்றவனுக்கு மீதிப் படம் முழுக்க! 1994-இல் அனிமேஷன் துறையினரிடம் வாக்குக் கேட்டு, சிறந்த 50 கார்ட்டூன்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் இரண்டாவது இடம் இந்தப் படத்துக்கு. நான்காவது இடத்திலும் டாஃபிதான், விண்வெளிக்குப் போய்ச் சொதப்புகிறான். ஐந்தாவதில் பாடும் தவளையை வைத்துப் பணக்காரனாகப் பார்த்து எல்லாவற்றையும் இழக்கும் ஒரு மனிதன். சில்வெஸ்டர் என்ற பூனை, டொனால்ட் டக் என்ற வாத்து என்று எங்கள் அணியில் இன்னும் கூட்டம் நிற்கிறது. நேரம் கருதி விடுகிறேன்.

முதல் இடம் எதற்கு? 1957-இல் வந்த 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' அதில் எல்மர், ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பரா இசைக்கு வேல் ஏந்தி வந்து, கடைசியில் பக்ஸை வீழ்த்தியே விடுகிறான். வீழ்த்திய அடுத்த கணம் அழுகிறான், முயலைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறான். 1980-இல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஜோன்ஸ் எடுத்த 'சூப் ஆர் சானிக்' படத்தில் கயோட்டிக்கும் அதே கதி. குழாய்க்குள் போய்ச் சிறுத்துவிட்ட கயோட்டி, மலை போல நிற்கும் பறவையின் காலைக் கடைசியில் பிடித்தேவிடுகிறான். பிடித்துக்கொண்டு நம் பக்கம் திரும்பி அட்டை காட்டுகிறான்: நான் இதைப் பிடிக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் ஆசைப்பட்டீர்கள், இப்போது என்ன செய்வது? ஜெயித்த அந்த நிமிடத்தோடு படம் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வியோடு இறங்குகிறேன். கயோட்டிக்கு என்ன வேண்டும் என்று இந்த அவையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், ரோட் ரன்னருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும்.